கீரை ஆய்கிற நேரம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு வங்கிக் கிளையில் உதவி மேலாளர். வயது 38. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். மார்ச் கணக்கு முடிப்பு நெருங்க நெருங்க, வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடுகிறது. எல்லோரும் படுத்த பிறகு கைபேசியை எடுத்தால் ஒரு மணி வரை கீழே வைக்க முடிவதில்லை. அதில் எதையும் ரசிப்பதும் இல்லை. தோழி சொன்னாள் என்று தியானம் கற்றுத்தரும் செயலி ஒன்றைப் பதிவிறக்கினேன். விடாமல் எத்தனை நாள் செய்தோம் என்று அது கணக்குக் காட்டும். 23 நாள் செய்தேன். ஒருநாள் தவறியதும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அன்று உட்கார்ந்து அழுதேன். மன அழுத்தம் குறையட்டும் என்று தொடங்கியதும் இன்னொரு டார்கெட் ஆகிவிட்டது. பொதுவான அறிவுரை வேண்டாம். மனது கனத்துப்போகும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்வீர்களா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். தியானம் நல்லதுதான். ஆனால் ஒருநாள் தவறியதற்காக உங்களை அழவைக்கிற எதுவும் இப்போது உங்களுக்கு வேண்டாம்.

2016இல் என் அம்மா பக்கவாதத்தில் படுத்தார். 14 மாதங்கள் நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். ஏழாவது மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருந்தது. மாரடைப்பு என்றே நினைத்து ஓடினேன். இசிஜி சரியாக இருந்தது. கடைசியாக எந்த இரவு முழுதாகத் தூங்கினீர்கள் என்று மருத்துவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரை ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்தார். துணியில் சுற்றி வைத்தால் காலைக்குள் இலை தானாக உதிர்ந்துவிடும் என்றும் சொன்னார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். என்னவோ தோன்றி, முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார்ந்து கையாலேயே ஆய ஆரம்பித்தேன். நுனியைப் பிடித்து அடிப்பக்கமாக உருவினால் இலைகள் சரசரவென்று வந்துவிடும். கூடவே ஈர்க்கும் வரும். அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பழுத்த இலையைக் கண் தானே தேடிப் பிடிக்கும். விரல் நுனியெல்லாம் பச்சை வாசம். முறம் நிரம்பியபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. கவலைகள் வராமல் இல்லை. வந்தன; ஆனால் ஒன்றும் நீளவில்லை. அடுத்த கொத்தை எடுக்கும்போது அறுந்துபோயின. அன்று இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் படுத்ததும் தூங்கிவிட்டேன். வழக்கமாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நாளாக நாளாகத்தான் காரணம் பிடிபட்டது. அம்மாவின் நோய் எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கட்டுக் கீரை தீர்ந்துவிடும். தீர்ந்ததைக் கண்ணால் பார்க்கவும் முடியும். உங்கள் கைபேசித் திரைக்கு அடி கிடையாது, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் முடியாத வேலைகளுக்கு நடுவில் இருந்துவிட்டு, இரவிலும் முடிவில்லாத ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள். (கீரையை ஆய்வதற்கும் ஒரு நூலை ஆய்வதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை அந்தப் படியில் உட்கார்ந்துதான் முதல்முறை யோசித்தேன்.)

ஆனால் உங்களையும் கீரை ஆயச் சொல்ல மாட்டேன். நான் ஆண். நான் கீரை ஆய வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு அது நாளைய சமையலின் ஒரு பகுதியாகிவிடும். வீட்டில் எவரும் உங்களிடம் கேட்காத, செய்யாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு கைவேலையைத் தேடுங்கள். பள்ளிக்கூட நாட்களில் படம் வரைந்திருக்கலாம், ஊசிநூல் பிடித்திருக்கலாம், பழைய மிதிவண்டியைத் துடைத்திருக்கலாம். அரை மணி போதும். எந்த நாளில் செய்தீர்கள் என்று குறித்துவைக்காதீர்கள்.

இன்னொன்று, அலுவலகத்திலேயே செய்யக்கூடியது. இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாவதும் விடும்போது தணிவதும் பலருக்கு விரலிலேயே தெரியும். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளம் போடுகிறது. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். மனதை வெறுமையாக்க வேண்டிய கட்டாயம் இதில் கிடையாது. என்ன நினைத்துக்கொண்டிருந்தாலும் நரம்பு அதன் வேலையைச் செய்யும்.

படுத்த பிறகு நாளைய வேலைகள் வரிசைகட்டி வருகின்றனவா? காகிதத்தில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தார் 57 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் இனிச் செய்யவேண்டியவற்றை எழுதினார்கள். இரண்டாவது கூட்டம்தான் சீக்கிரம் தூங்கியது. அதிலும், எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். நானும் செய்து பார்த்தேன். 'மருந்துக்கடை' என்று மொட்டையாக எழுதினால் பலனில்லை. என்ன மாத்திரை, எத்தனை பட்டை, யார் போகவேண்டும் என்று எழுதினால் மனம் அதை விட்டுவிடுகிறது. மாலை காபியையும் கவனியுங்கள். ஆறு மணிக்குக் குடித்த காஃபீனில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும்.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒன்று உறுத்துகிறது. மூன்று பேர் பார்க்கவேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மூச்சுப் பயிற்சி செய்து சமாளித்துக்கொள் என்பது அநியாயம். எட்டரை மணிக்கு வீடு திரும்புவது உங்கள் மனநலக் குறைபாடு இல்லை. கிளையில் உங்களைப்போல் இன்னும் யார் யார் தவிக்கிறார்கள் என்று பாருங்கள், சேர்ந்து மேலாளரிடம் பேசுங்கள், தொழிற்சங்கம் இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள். வீட்டில் உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் இருக்கிறார் என்றால் இரவுச் சாப்பாட்டுப் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

கணக்கு தவறியதற்கு அழுததை எழுதியிருந்தீர்கள். அந்த அழுகை ஒருநாளோடு நின்றதா? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே கிடந்தால், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், இந்தக் கடிதத்தை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுகிறார்கள். நான் அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஏழு மாதம். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காமல் எழுதியது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 31 கழிந்ததும் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.