எஃப் கார்டு ஏன் ஒலிக்கவில்லை?

கேள்வி: எட்டு மாதமாக ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகுகிறேன். சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடிகள்) எல்லாம் தடங்கலின்றி வருகின்றன. ஆட்காட்டி விரலை எல்லாக் கம்பிகளின் குறுக்கே வைத்து அழுத்தும் எஃப் பார் கார்டு மட்டும் ‘டப் டப்’ என்று அடைத்த சத்தம்தான். விரலில் பலம் போதவில்லையா? எலெக்ட்ரிக் அல்லது நைலான் கம்பி கிட்டாருக்கு மாறினால் சுலபமாக வருமா?

பதில்: விரலைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரைப் பாருங்கள். மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேல் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி என்றால் சரி. பளிச்சென்று கண்ணில் பட்டால், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) கம்பி உட்காரும் பள்ளங்களுக்கு ஆழம் போதவில்லை என்று அர்த்தம். எஃப், நட்டை ஒட்டியே விழுகிற கார்டு. கம்பி அதிகம் முரண்டு பிடிப்பது அங்கேதான். என் முதல் கிட்டாரில் இதே கோளாறு. ஒன்றரை வருடம் என் கையைத்தான் நொந்துகொண்டேன். பழுது பார்ப்பவர் ஆறு பள்ளங்களையும் அரத்தால் ராவிக் கொடுத்த அன்று மாலையே எஃப் ஒலித்தது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். நீங்களே ராவ வேண்டாம்; ஆழம் கூடிப்போனால் கம்பி ஃபிரெட்டில் இடித்து இரையும்.

நட் சரியாக இருந்தால் அடுத்தது ஆட்காட்டி விரல். ஆறு கம்பிகளையும் நசுக்க வேண்டும் என்று நினைத்து முழுக்கையையும் இறுக்கிக்கொள்கிறோம். எஃப்பில் அந்த விரலை நம்பியிருப்பவை மூன்றே கம்பிகள்: ஆறாவது (மிகத் தடித்தது), இரண்டாவது, முதலாவது (மிக மெல்லியது). நடுவில் உள்ள மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆட்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தால், ஃபிரெட்டை ஒட்டி அழுத்துங்கள். இரண்டாவது கம்பி விரல் மடிப்பின் கோட்டுக்குள் விழுந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒலிக்காது. விரலை நூலளவு மேலோ கீழோ நகர்த்திப் பாருங்கள்.

இதே பிடியை முதலில் ஐந்தாவது ஃபிரெட்டில் பழகுங்கள். அங்கே அது ஏ மேஜர். கம்பி இணங்கிக் கொடுக்கும், ஃபிரெட்டுகளும் நெருக்கம். தெளிவாக ஒலித்ததும் ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வாருங்கள். அதுவரை பாட்டு நிற்க வேண்டியதில்லை, மெல்லிய நான்கு கம்பிகளில் பிடிக்கும் சின்ன எஃப் போதும்.

எலெக்ட்ரிக்கில் பார் சுலபம்தான். அதில் முதல் கம்பி பெரும்பாலும் 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன்; அக்கூஸ்டிக்கில் 0.012 வழக்கம். நைலான் விரல் நுனிக்கு இதம். ஆனால் கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து நட் பக்கம் சுமார் 52 மி.மீ. அகலம், உங்களுடையது 43 அல்லது 44 இருக்கும். அந்த அகலத்தில் பார் பிடிக்க விரல் இன்னும் நீள வேண்டும். எஃப்புக்காகக் கிட்டாரை மாற்றாதீர்கள். கம்பியை மாற்றுங்கள்: முதல் கம்பி 0.010 அல்லது 0.011 உள்ள செட் போட்டால் கை உடனே வித்தியாசம் உணரும்.

கேள்வி: பழைய கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்டீல் கம்பிகளின் இழுவிசை நைலானைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மேல்பலகை புடைக்கும், கழுத்து வளையும், பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) பிய்த்துக்கொண்டு வரும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றே தளர்த்திவிட்டு, பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் தாள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பசை விட ஆரம்பித்துவிட்டது.