காதலனுக்கு அந்தரங்கப் படம் அனுப்பிய வீராங்கனையின் விளையாட்டு வாழ்க்கை அதோடு முடிந்துவிடுமா?

கேள்வியைப் பொதுவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அனுப்பிவிட்டுத் தூக்கம் இல்லாமல் கிடப்பவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஹாஸ்டலில் இருப்பீர்கள், அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கும், போன் அதிரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

முடிந்துவிடாது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் இருந்தால் ஒரு சீசனாவது போய்விடும். எனக்குப் போனது.

நான் வேலூர்ப் பக்கம். பளுதூக்கும் பெண். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் காமன்வெல்த் தங்கம் வாங்கி வந்த காலத்தில் ஜிம்முக்குள் நுழைந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் விளையாட்டில் உடம்பைப் பார்க்கும் பார்வையே வேறு. போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள். நூறு கிராம் கூடினாலும் அந்தப் பிரிவில் இடமில்லை. அதனால் உள்ளாடையோடு, தேவைப்பட்டால் அதுவும் இல்லாமல், பெண் அதிகாரிகள் முன்னால் தராசில் ஏறுவோம். அறையில் கண்ணாடி முன்னால் நின்று தொடை, முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து, போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தசை பிடித்துக்கொண்டால் அந்த இடத்தைப் படம் எடுத்து பிசியோவுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவோம். அப்படிப் பழகிய பெண்ணுக்கு, தான் நம்புகிற ஒருவனுக்கு ஒரு படம் அனுப்புவது பெரிய காரியமாகவே தோன்றாது. இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. 'புத்தி எங்கே போச்சு' என்று கீழே எழுத வருகிறவர்களுக்காகத்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

2017. எனக்கு 19 வயது, 53 கிலோ பிரிவு. நான் படம் அனுப்பியவனும் பளுதூக்குபவன்தான், வேறு கல்லூரி. ஒரு வருடம் பழகினோம், பிறகு ஒத்துவரவில்லை, விலகிவிட்டேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் எடை பார்க்க வரிசையில் நிற்கும்போது அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'உங்க கோச் நம்பர் என்கிட்ட இருக்கு.' அவ்வளவுதான். படம் என்ற வார்த்தைகூட அதில் இல்லை.

போட்டியின் முதல் பகுதி ஸ்னாட்ச், எடை மாட்டிய கம்பியை (பார்) ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது. 66 கிலோவில் ஆரம்பித்தேன். பயிற்சியில் 70 கிலோவைச் சாதாரணமாகத் தூக்குவேன். முதல் முயற்சியில் பார் முன்னால் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நடுவில் ஓடிப்போய் பையைத் திறந்து போனைப் பார்த்தேன். கையில் பூசியிருந்த சாக் பவுடர் திரை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. மூன்றாவதில் பார் தலைக்குப் பின்னால் போய்விட்டது. மூன்று ஸ்னாட்ச்சும் போனால் டோட்டல் கிடையாது, அதாவது போட்டிக் கணக்கிலேயே நான் இல்லை. கோச் சார் என்னைத் திட்டவில்லை. 'பயந்துட்டியா?' என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நினைத்த பயம் வேறு.

மூன்று வாரம் கழித்துத்தான் ஒரு சீனியர் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'மெசேஜை அழிச்சிட்டியா?' பாதிக்கு மேல் அழித்திருந்தேன். கண்ணில் படக்கூடாது என்று அழித்தது, கையில் இருந்த சாட்சியைத் தொலைத்ததாக ஆகிவிட்டது. மகளிர் காவல் நிலையத்தில் அவனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டார்கள், படத்தை அழிக்க வைத்தார்கள், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை. ஹாஸ்டலில் விஷயம் தெரிந்ததும் என்னைக் காலி செய்யச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகளின் போனையும் வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். அடுத்த போட்டியில் அவன் தூக்கினான். நான் வீட்டில் இருந்தேன். ஒன்பது வருடம் ஆகப்போகிறது, இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பெண்களுக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் கால்பந்து வீரர் வால்புவேனா தன் போனில் இருந்ததை இன்னொரு போனுக்கு மாற்றித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தார். அதிலிருந்த அந்தரங்க வீடியோவை வைத்து 2015-ல் அவரை மிரட்டினார்கள். அதில் உடந்தை என்று சக வீரர் பென்ஸமாவுக்கு 2021 நவம்பரில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 75,000 யூரோ அபராதமும் விதித்தார்கள். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் பென்ஸமா நாட்டுக்காக ஆடவில்லை. மிரட்டப்பட்ட வால்புவேனாவோ அதற்குப் பிறகு பிரான்ஸ் சட்டையைப் போடவே இல்லை. அதே 2021 நவம்பரில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டிம் பெயின், 2017-ல் உடன் வேலை செய்த பெண்ணுக்கு அனுப்பிய ஆபாசச் செய்திகளும் படமும் வெளியே வரப்போகிறது என்றதும் டெஸ்ட் கேப்டன் பதவியை விட்டார். 2018 விசாரணையில் விதிமீறல் இல்லை என்று முடித்து வைத்த விஷயம்தான், இங்கிலாந்துடனான ஆஷஸ் தொடருக்குச் சில வாரம் முன்னால் திரும்பி வந்தது. அவர் கதையும் என் கதையும் ஒன்றல்ல, அங்கே அந்தப் பெண் அவர் மீதே புகார் சொன்னவர். பேரும் பதவியும் வந்த பிறகுதான் பழைய படத்துக்கு விலை ஏறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, இது எனக்கு அன்று தெரியாது. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அடுத்தவருக்குப் பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்புவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 354சி, 2024 ஜூலை முதல் அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ ஆண் பெண் பார்ப்பதில்லை, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும், அதை வைத்திருப்பதே வம்பு. புகாருக்கு 1930 என்ற எண்ணும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமும் உண்டு. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' (StopNCII) என்று ஒரு தளம் இருக்கிறது. அதில் படத்தை ஏற்ற வேண்டாம், உங்கள் போனிலேயே அதற்கு ஒரு ரகசிய எண் உருவாகும், அந்த எண்ணை மட்டும் வைத்து பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை தங்களிடம் அந்தப் படம் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். வாட்ஸாப்பில் கைமாறுவதை அது தடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வீட்டில் இருந்த அந்த சீசனுக்கு மறு வருடம் திரும்பி வந்து பதக்கமும் வாங்கினேன்.

இப்போது மாலையில் சில பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எடை பார்க்கப் போகும் முன் எல்லோரும் போனை என் பையில் போடுவார்கள், நான் தொடமாட்டேன். போன வருடம் 49 கிலோ பிரிவுப் பெண் ஒருத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு, போனைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள். 'அக்கா, அதுல ஒரு மெசேஜ் வந்தா என்ன பண்றது?' என்றாள். எந்த மாதிரி மெசேஜ் என்று நான் கேட்கவில்லை. போனை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, அதுவரை வந்திருந்த எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன். தேதி, நேரம், நம்பர் தெரிகிறதா என்று இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினோரு ஸ்கிரீன்ஷாட். அதை எனக்கும் அவள் அண்ணனுக்கும் அனுப்பினாள். அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எடை பார்க்க உள்ளே போனாள்.