"புரிந்ததா?" என்றால் எல்லோரும் "யா, மிஸ்" என்கிறார்கள்: பாண்டுங் வகுப்பறைக்குச் சில யோசனைகள்

கேள்வி: தமிழ்நாட்டில் எட்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இப்போது இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 7ஆம் வகுப்பு எடுக்கிறேன். 32 பிள்ளைகள், வாரம் இரண்டு முறை, 80 நிமிட வகுப்பு. எழுத்துத் தேர்வில் சுமாராகச் செய்கிறார்கள். பேசச் சொன்னால் தலை குனிகிறார்கள். ஊரில் பலித்த முறைகள் இங்கே பலிக்கவில்லையே, ஏன்?

பதில்: ஊரில் நீங்கள் திருத்திய பிழைகள் தமிழிலிருந்து வந்தவை. இங்குள்ள பிழைகள் இந்தோனேசிய மொழியிலிருந்தும், பாண்டுங்கில் பல வீடுகளில் பேசும் சுண்டா மொழியிலிருந்தும் வருகின்றன. மௌனத்துக்கும் காரணம் வேறு.

முதலில் மௌனம். "மாலு" என்ற சொல்லை அங்கே தினமும் கேட்பீர்கள். கூச்சமும் வெட்கமும் சேர்ந்த உணர்வு அது. நாலு பேர் முன்னால் தவறாகப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று பிள்ளை நினைக்கிறது. "புரிந்ததா?" என்ற கேள்விக்கு வரும் "யா" பெரும்பாலும் ஆசிரியருக்குத் தரும் மரியாதை. அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். புரிந்ததைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: படத்தைச் சுட்டட்டும், வரிசைப்படுத்தட்டும், சொன்னதை வரையட்டும்.

பேச வைக்க அந்த ஊர் வழக்கமே கைகொடுக்கும். "அரிசான்" என்பது நம் குலுக்குச்சீட்டைப் போன்றது. பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி எடுப்பது பிள்ளைகள் வீட்டில் பார்த்ததுதான். கேள்வி கொடுத்ததும் 2 நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும். அடுத்து 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. பிறகு நால்வராகச் சேர்ந்து 4 நிமிடம். அதன் பிறகே குலுக்கல், அதுவும் குழு எண்ணுக்கு மட்டும். பதில் நால்வருடையது என்பதால் பேசுபவரின் கூச்சம் பாதி குறையும். இதில் ஒரு கோளாறு உண்டு: எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளையே எழுந்து நிற்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, குழுவுக்குள் 1 முதல் 4 வரை எண் கொடுத்து இன்னொரு சீட்டும் எடுங்கள். முதல் மாணவரையும் கடைசி மாணவரையும் ஜோடியாக்க வேண்டாம். ஒருவர் செய்வார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். நடுத்தரமானவரும் தடுமாறுபவரும் சேர்ந்தால் இருவருமே பேசுவார்கள்.

பேசும்போது இடைமறித்துத் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம்வரை வாய் திறக்காது. பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி 10 நிமிடத்தில் மூன்று வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், வகுப்பே திருத்தட்டும்.

இனி காலம். இந்தோனேசிய வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. "சாயா மாக்கான்" என்பது சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் மூன்றுக்கும் பொருந்தும். "சுடா" (ஆயிற்று), "பெலும்" (இன்னும் இல்லை), "அக்கான்" (இனிமேல்) போன்ற சொற்களே காலத்தைச் சொல்லும். "ஐ ஆல்ரெடி ஈட்" என்று பிள்ளை சொல்வது "சுடா"வின் நேர் பெயர்ப்பு. "எஸ்டர்டே" என்று சொல்லியாயிற்று, வினையை வேறு ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு நியாயமான சந்தேகம். ஆகவே பயிற்சியில் காலச்சொல்லை எடுத்துவிடுங்கள். "வீ வாக் இன் த பார்க்", "வீ வாக்ட் இன் த பார்க்" என்று படித்து, எது தினமும் நடப்பது, எது நடந்து முடிந்தது என்று கை உயர்த்தச் சொல்லுங்கள். வினையைத் தவிர வேறு துப்பு இல்லாதபோதுதான் காது அதைத் தேடும். ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டும். "ஹீ", "ஷீ" குழப்பமும் இதே வகைதான்: இரண்டுக்கும் அங்கே "டியா" ஒன்றே. குடும்பப் படத்தை வைத்து விவரிக்கச் சொன்னால் பயிற்சி இயல்பாக அமையும்.

சில நேரம் பிள்ளைக்கு இலக்கணம் தெரிந்திருக்கும்; ஒலிதான் வாயில் வராது. நம் பிள்ளைகள் சொல்லின் கடைசியில் ஓர் உகரம் சேர்ப்பார்கள். இவர்களோ கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். "வாக்ட்" "வாக்" ஆகிவிடும். எழுத்தில் சரியாக இருந்து பேச்சில் மட்டும் பிழை வந்தால் இதைச் சந்தேகியுங்கள். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கும்படி அமைத்தால் சுலபம்: "ஆஸ்க்ட் இட்" என்பதை "ஆஸ்க்-டிட்" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "ஷிப்", "ஷீப்" போன்ற குறில் நெடில் வேறுபாடு இந்தோனேசிய மொழியில் இல்லை. தமிழ்க் காதுக்கு அது சட்டென்று பிடிபடும், அந்த வகையில் உங்களுக்கு ஒரு சாதகம். "ஃபேன்", "பேன்" விஷயத்தில் அப்படியல்ல. சுண்டா பேசுவோர் பலர் ஃபகரத்தைப் பகரமாக்குவார்கள், நம்மிலும் பலர் அப்படியே. இதற்கு ஒலிப்பதிவைப் பயன்படுத்துங்கள். முதல் வாரம் கேட்டு இனம் காண்பது மட்டும், உச்சரிப்பு அடுத்த வாரம்.

செயல்முறையை விளக்க ஓரிரு வாக்கியம் இந்தோனேசிய மொழியில் சொன்னால் தவறில்லை; பத்து நிமிடம் மிச்சமாகும். தாள்களை வலது கையால் கொடுங்கள். ஒருவரைச் சுட்ட ஆள்காட்டி விரலை நீட்டாமல், விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுங்கள். அங்கே அதுதான் மரியாதை. குரலை உயர்த்த வேண்டாம். ஒருவரை அதட்டினால் 32 பேரும் அடங்கிப்போவார்கள்.

ஆறாவது வாரத்தில் குழு எண்ணுக்குப் பதில் பெயர்ச்சீட்டு எடுத்துப் பாருங்கள். பெயர் வந்தவர் விரும்பினால் ஜோடியையும் எழுப்பிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.