ஒருவர்தான் ஜெயிக்கிறார் என்றால் சைக்கிள் பந்தயத்தில் அணி எதற்கு?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு நாள் பந்தயத்தின் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்திருக்கிறார். "கோட்டைத் தாண்டுவது ஒருத்தர். அப்புறம் ஏழு பேர் அணி எதற்கு? காலில் வலு உள்ளவன் ஜெயிப்பான், இதில் உத்தி என்று என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்.

2015 பிப்ரவரி 28 வரை எனக்கும் இதே சந்தேகம்தான். அப்போது வேலை விஷயமாக பெல்ஜியத்தில், கெண்ட் நகரில் இருந்தேன். மாடியில் நான், கீழே வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டிய மனிதர். மாதக் கடைசி, சனிக்கிழமை, வாடகை கொடுக்கலாம் என்று இறங்கிப் போனால் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. பணத்தை வாங்கி எண்ணாமல் சோபாவில் வைத்துவிட்டு, உட்கார் என்று கை காட்டினார். ஓம்லூப் ஹெட் நியூஸ்ப்ளாட் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ஜியத்தில் சைக்கிள் பருவம் அந்தப் பந்தயத்தோடுதான் தொடங்கும். அவர்களுக்கு அது பண்டிகை மாதிரி.

முன்னால் நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் ஒரே அணி: எட்டிக்ஸ் குவிக்ஸ்டெப்பின் டாம் போனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டெய்ன் வாண்டன்பெர்க். நாலாவது ஆள் ஸ்கை அணியின் இயன் ஸ்டானர்ட், இங்கிலாந்துக்காரர், ஒற்றை ஆள். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். வீட்டுக்காரர் பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பினார். இந்தப் பக்கம் மூன்று, எதிரே ஒன்று. எனக்குப் பாடம் ஆரம்பமானது.

அந்தப் பாடத்துக்கு முன்னால் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போகிறவர் உழைப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். முன்னால் ஒருவர் போனால், அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் என்றால் இன்னும் சொகுசு. ஆக, இந்த விளையாட்டில் முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்குத் தன் வலுவைத் தானமாகக் கொடுத்துக்கொண்டே போகிறார். யார் யாருக்கு எப்போது கொடுப்பது, யாரைக் கொடுக்க வைப்பது, இதுதான் மொத்த உத்தியும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

இப்போது அட்டைகளுக்கு வருவோம். மூன்றில் ஒருவர் திடீரென்று தாவி ஓடுகிறார், அதாவது வேகமெடுத்து மற்றவர்களை விட்டுப் பிரிகிறார். எதிரணி ஆள் துரத்தாவிட்டால் பந்தயம் போச்சு. துரத்தினால், மிச்சமிருக்கும் இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்து வருவார்கள். அவர் மூச்சு வாங்கப் போய்ப் பிடித்ததும் இரண்டாமவர் தாவுவார். அதையும் பிடித்தால் மூன்றாமவர். இப்படி இரண்டு சுற்று வந்தால் எந்தக் காலும் கழன்றுவிடும். இது நடக்க ஒரே ஒரு நிபந்தனை: தாவுகிறவர் நிஜமாகவே ஜெயிக்கட்டும் என்று மற்ற இரண்டு பேரும் மனதார விட வேண்டும். அரைமனதோடு தாவினால் எதிராளி மோந்து பிடித்துவிடுவார்.

அன்று நடந்தது வேறு. பின்னால் செப் வான்மார்க்கேவும் கிரெக் வான் அவெர்மாட்டும் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் மூன்று பேரும் மாறி மாறி முன்னால் நின்று காற்றை வாங்கினார்கள். ஸ்டானர்ட்? "மூன்று பேர் இருக்கிறீர்களே, நீங்களே இழுங்கள்" என்று பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதுதான் ஒற்றை ஆளின் உரிமை. முடிவு நெருங்கியபோது முதலில் தாவியவர் போனன். ஸ்டானர்ட் பதறவில்லை. எழுந்து நின்று மிதித்துத் தன்னைக் கொளுத்திக்கொள்ளாமல், சீரான வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியை மூடினார். பெரிய உடம்புக்காரர், மலையில் திணறுவார், சமதளத்தில் கூட்ஸ் வண்டி. அப்படிப்பட்டவருக்கு இந்த மாதிரி துரத்தல்தான் கைவந்த வேலை. அப்புறம் டெர்ப்ஸ்ட்ரா தாவினார், அவரையும் பிடித்தார். கடைசியில் டெர்ப்ஸ்ட்ராவும் ஸ்டானர்ட்டும் மட்டும் மிஞ்ச, பின்னாலிருந்து வந்து ஸ்டானர்ட் தாண்டிவிட்டார். இரண்டு, மூன்று, நாலு ஆகிய இடங்கள் குவிக்ஸ்டெப்புக்கு. வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டார். வாடகையை அப்போதும் எண்ணவில்லை.

பீர் அட்டைக் கணக்கே பொய்யோ என்று கேட்டேன். முந்தைய வருடத்துப் பாரிஸ்–ரூபே, பிரான்சில் நடக்கும் பந்தயம், பார்க்கவில்லையா என்றார். போய்ப் பார்த்தேன். அதே அணி, அதே டெர்ப்ஸ்ட்ரா. ரூபேயில் கருங்கல் பாவிய பழைய விவசாயச் சாலைகளில் மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். எல்லாம் தாண்டி முன்னால் வந்த சின்னக் கூட்டத்தில் கான்செல்லாரா, சாகன், டெகன்கோல்ப், விக்கின்ஸ் என்று எல்லாத் தலைகளும் இருந்தன. குவிக்ஸ்டெப்புக்கு அங்கேயும் மூன்று பேர்: போனன், ஸ்டீபார், டெர்ப்ஸ்ட்ரா. ஆறு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது டெர்ப்ஸ்ட்ரா கிளம்பினார். துரத்துகிறவர் போனனையும் ஸ்டீபாரையும் சக்கரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். எவனுக்கு அந்தத் தலையெழுத்து? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் போதும், டெர்ப்ஸ்ட்ரா இருபது வினாடி முன்னால் தனியாக ஜெயித்தார். அந்த அணியில் பெரிய பெயர் போனன். ஜெயித்தவர் அவர் இல்லை. அவர் ஒன்றும் செய்யாமல் கூட்டத்தில் இருந்ததே அன்று அவர் செய்த வேலை.

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். "யார் பலசாலி" என்பதை விட "யாருடைய பலம் எந்த வகை" என்பது முக்கியம். கடைசி இருநூறு மீட்டரில் பாய்கிறவர் ஒரு ஜாதி. நானூறு மீட்டர் செங்குத்து மேட்டில் வெடிக்கிறவர் ஒரு ஜாதி. காற்றில் தனியாக நாற்பது நிமிடம் ஒரே வேகத்தில் போகிறவர் இன்னொரு ஜாதி. பாய்கிறவர் காத்திருக்கலாம், மற்ற இரண்டு பேருக்கும் காத்திருந்தால் நஷ்டம்தான். அதனால் நல்ல அணி ஏழு நட்சத்திரங்களை வாங்குவதில்லை. முதல் மூன்று மணி நேரத்துக்கென்றே ஒரு ஆள் வேண்டும். குவிக்ஸ்டெப்பில் டிம் டெக்லெர்க் என்று ஒருவர் இருந்தார், பட்டப்பெயர் டிராக்டர். காலையில் முன்னால் ஓடிப்போன சில்லறைக் கூட்டம் தப்பிவிடாமல், கூட்டத்தின் தலைமாட்டில் தனியாக நின்று மணிக்கணக்கில் இழுப்பார். நாம் டிவி போடும் நேரத்தில் அவர் வேலை முடிந்து பின்னால் நழுவிப் போய்க்கொண்டிருப்பார்.

இன்னொருவர் வேலை இடம் பிடித்துக் கொடுப்பது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் கோப்பன்பெர்க் என்று ஒரு மேடு உண்டு, 22 சதவீதச் சரிவு, அதுவும் கல் பாவியது, ஒற்றையடிப் பாதை மாதிரி குறுகல். முன்னால் ஒருவர் தடுமாறிக் காலை ஊன்றினால் பின்னால் வரும் மொத்தப் பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். உலக சாம்பியனாக இருந்தாலும் நடைதான். ஆகவே மேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே, தலைவரை முதல் பத்து பதினைந்து பேருக்குள் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு தனி யுத்தமே நடக்கும். மேட்டில் நடப்பதை விட அந்த யுத்தம்தான் எனக்குப் பிடிக்கும்.

பலத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும்: காலையில் இருக்கும் பலமும் ஆறாவது மணி நேரத்துப் பலமும் ஒன்றில்லை. 2021 ஃபிளாண்டர்ஸ் கடைசியில் நெதர்லாந்தின் மாத்தியூ வான் டெர் போலும் டென்மார்க்கின் காஸ்பர் ஆஸ்கிரீனும் மட்டும் வந்தார்கள். சாதாரண நாளில் அந்தப் பாய்ச்சலில் வான் டெர் போலுக்குத்தான் எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள். 250 கிலோமீட்டருக்குப் பிறகு அவர் கால்கள் கோட்டுக்கு முன்பே கைவிட்டன. அடுத்த வருடம் அதே சாலையில் ஸ்லோவேனியாவின் போகச்சாரும் வான் டெர் போலும் ஒருவரை ஒருவர் கண்காணித்து வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்த இரண்டு பேர் பக்கவாட்டில் பாய்ந்துவிட்டார்கள். வான் டெர் போல் சமாளித்து ஜெயித்தார். போகச்சார் நாலாவது. அன்று மேடுகளில் அவரைவிட யாரும் நன்றாக ஏறவில்லை என்பது என் கட்சி.

நட்சத்திரங்களை மட்டும் வைத்து அணி கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை, பெண்கள் பந்தயம். நெதர்லாந்து அனுப்பிய நாலு பேர்: வான் டெர் பிரெகன், வோஸ், வான் ஃப்ளூட்டன், ஃபோலெரிங். நாலு பேருமே தங்கம் வெல்லக்கூடியவர்கள். டிராக்டர் யாரும் இல்லை. தொடங்கிய இடத்திலேயே ஓடிப்போன சிறு கூட்டத்தில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் இருந்தார். கணிதத்தில் முனைவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். ஒலிம்பிக்ஸில், அணியிலிருந்து தகவல் சொல்லும் ரேடியோ காதில் கிடையாது. யாரும் பொறுப்பெடுத்துத் துரத்தவில்லை, முன்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவே தப்பிவிட்டது. வான் ஃப்ளூட்டன் இரண்டாவதாக வந்து, ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கினார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இதற்கு நேர் எதிர் இத்தாலியின் 2024 மிலான்–சான் ரெமோ பந்தயம். வான் டெர் போல் அப்போது உலக சாம்பியன், முந்தைய வருடம் அதே பந்தயத்தை ஜெயித்தவர். பொஜ்ஜோ மேட்டில் போகச்சாரின் தாவலுக்குப் பதில் கொடுத்தார், இறங்கியபின் ஓடப் பார்த்தவர்களைப் பிடிக்கத் தானே முன்னால் நின்று காற்றை வாங்கினார். எல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்த தன் அணிக்காரர் ஃபிலிப்சனுக்காக. ஃபிலிப்சன் பாய்ந்து ஜெயித்தார். நீள அகலமாக விளக்கம் கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் அனுப்புவது அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரைத்தான்.

எனக்குப் பிடித்த ஓட்டக்காரர் வான் டெர் போல் இல்லை, வவுட் வான் ஆர்ட். அதனால்தான் அடுத்து எழுதுவது கொஞ்சம் வலிக்கிறது. கொடுக்கத் தெரியாதவர் இல்லை அவர். 2023 கெண்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் அணித் தோழர் லபோர்ட்டோடு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இரண்டே பேராக ஓடி வந்து, கோட்டில் வெற்றியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 2024 மார்ச்சில், ட்வார்ஸ் டோர் ஃபிளாண்டரென் பந்தயத்தில் பயங்கரமாக விழுந்தார். காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன, அந்த வசந்தகாலமே போயிற்று.

2025 ஏப்ரல் 2, அதே பந்தயம். நான் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நாலு பேர். மூன்று பேர் விஸ்மா அணி: வான் ஆர்ட், பெனோட், ஜார்கென்சன். ஒற்றை ஆள், அமெரிக்காவின் நீல்சன் பவ்லெஸ். தோசை ஆறிக்கொண்டிருந்தது. ஜார்கென்சன் முந்தைய வருடம் இதே பந்தயத்தை ஜெயித்தவர், பெனோட் காற்றில் தனியாக ஓடத் தெரிந்தவர். ஒருவர் மாற்றி ஒருவர் தாவினால் பவ்லெஸ் எத்தனை முறை பதில் சொல்வார்? ஒருவரும் தாவவில்லை. பாய்ச்சல் என்று வந்தால் வான் ஆர்ட்தான் வேகமானவர், அவருக்காகக் காத்திருப்போம் என்று முடிவெடுத்து இரண்டு பேரும் அவரைப் பூப்போலச் சுமந்து வந்தார்கள். காகிதத்தில் அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டது. அதுவும் பவ்லெஸுக்கு வேண்டிய இடத்தில்: தாவல்களைத் துரத்தும் வேலை மிச்சம், சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்.

வாரெகெம் ஊர்க் கோட்டில் பவ்லெஸ் அவரைத் தாண்டினார். வான் ஆர்ட், பெனோட், ஜார்கென்சன்: இரண்டு, மூன்று, நாலு. ஆளுக்கொரு விளக்கம் தேட வேண்டிய அவசியமே வைக்கவில்லை வான் ஆர்ட். தான் ஜெயிக்க வேண்டும் என்று தான்தான் கேட்டதாகவும் தவறு தன்னுடையது என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். விழுந்த இடத்தில் எழுந்து ஜெயிக்க ஆசைப்பட்ட மனிதரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. போனனுக்கும் அன்று இதே ஆசை இருந்திருக்கும், ஓம்லூப் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் கெண்ட் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு படம். எண்பதைத் தாண்டிவிட்டார், எழுத்தெல்லாம் அனுப்பமாட்டார். மேஜை மேல் பீர் அட்டைகள், இந்தப் பக்கம் மூன்று, எதிரே ஒன்று. பின்னால் அணைத்த டிவி.