மருந்து அடிக்க அடிக்க வெள்ளை ஈ பெருகுகிறதே, செடிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதா?

இலைப் படத்தோடு நீங்கள் கேட்ட கேள்வி இது. தெரியும். அதைக் காத்துக்கொள்ள விடாமல் செய்தது, என் கழனியைப் பொறுத்தவரை, நான்தான்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர். ஒரு பாதியில் முள்ளுக்கத்தரி, மறு பாதியில் வெண்டை. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரையில், கத்தரிச் செடியைக் காலால் தட்டினால் அடுப்புச் சாம்பலை ஊதியதுபோல வெள்ளையாகக் கிளம்பியது. உரக்கடையில் கொடுத்த பைரித்திராய்டு வகை மருந்தை மூன்று வாரத்தில் ஐந்து முறை அடித்தேன். அடித்த அன்று செடி சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம்கூட ஆகாது, முன்பைவிடக் கூடுதலாக வந்து நிற்கும். நைனா வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "நீ அதுக்குத் தீனி போடுறியா, மருந்து போடுறியா?" என்று கேட்டார்.

முதலில் முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முள்ளுக்கத்தரிக்கு, அதாவது இலவம்பாடிக் கத்தரிக்கு, இலை, தண்டு, காய்க்காம்பு எல்லாவற்றிலும் முள் உண்டு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கையைக் கிழித்துக்கொள்ளாமல் அதைப் பறிக்க எங்கள் வீட்டில் அத்தை ஒருவரால்தான் முடியும். ஆட்டை அந்த முள் தடுக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை ஈக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இலை மயிர் விஷயம் இன்னும் சிக்கலானது. பருத்தியில் இலை மயிர் அடர்ந்திருந்தால் தத்துப்பூச்சி அண்டாது, வெள்ளை ஈயோ அங்கேதான் அதிகம் தங்கும். ஒரு திருடனுக்குப் போட்ட வேலி இன்னொருவனுக்குத் திண்ணையாகிவிடுகிறது. தக்காளி இந்த விஷயத்தில் கெட்டிக்காரச் செடி. தக்காளிக் கழனியில் ஒரு மணி நேரம் வேலை செய்தால் விரல்கள் பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுக்கும் அல்லவா? செடியின் மயிர் நுனியில் இருக்கும் சின்னச் சுரப்பிகள் உடைந்து கசிவது அது. காட்டுத் தக்காளி இனங்கள் சிலவற்றில் அந்தப் பசை இன்னும் பலம், சின்னப் பூச்சிகள் கால் ஒட்டிச் செத்துப்போகும்.

செடியின் பெரிய பலம் உள்ளே இருக்கிறது. இலையைக் கடிக்கும் புழு வந்தால் ஜாஸ்மோனிக் அமிலம் சுரந்து ஒரு வகை எதிர்ப்பு கிளம்பும். நோய்க்கிருமி வந்தால் சாலிசிலிக் அமிலம் வழியாக இன்னொரு வகை. ஒன்று ஓங்கினால் பெரும்பாலும் மற்றது அடங்கும். வெள்ளை ஈ கடிப்பதில்லை, தலைமுடியைவிட மெல்லிய குழலைச் செல்களுக்கு நடுவே நுழைத்துச் சாறு ஓடும் குழாயைத் தொட்டுவிடும். அப்போது செடியில் கிளம்புவது நோய்க்கிருமிக்கான எதிர்ப்பு, ஈயைத் தடுக்கக்கூடிய மற்ற எதிர்ப்பு அடங்கிவிடும். வடக்குத் தெருவில் திருடன் என்று கூவி ஊரையே அங்கே ஓடவிட்டு, தெற்குத் தெருவில் கன்னம் வைப்பதுபோல. 2019இல் ஆய்வாளர்கள் தக்காளியில் பார்த்தபோது, ஈ தாக்கிய செடி விடும் வாசனை பக்கத்துச் செடிகளையும் அதே தவறான திசையில் தயாராக்குவது தெரியவந்தது.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. செடிகள் பூச்சிக்காக ஃபீனாலிக் குளுக்கோசைடு என்ற நஞ்சுகளை வைத்திருக்கின்றன. அந்த நஞ்சு தன்னையே தாக்காமல் இருக்க, அதை முறிக்கும் மரபணுவும் செடியிடம் இருக்கிறது. அந்த மரபணு வெள்ளை ஈயின் உடம்பில் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு செடியிடமிருந்து வந்து சேர்ந்ததாம். அதைச் செயலிழக்க வைத்தால் தக்காளிச் சாறு குடித்த ஈக்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. செடியின் பூட்டுக்குச் செடியின் சாவியையே வைத்திருக்கும் பூச்சியிடம்தான் நான் உரக்கடைப் பாட்டிலோடு போய் நின்றிருந்தேன்.

நான் கெடுத்தது எதை என்பது விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு இலை கொண்டுபோனபோது புரிந்தது. அங்கிருந்தவர் மருந்தின் பெயரைக் கேட்கவே இல்லை. இலையைத் திருப்பினார், ஒரு லென்ஸைக் கையில் கொடுத்தார். அடிப்பக்கத்தில் செதில் செதிலாக ஈயின் குஞ்சுகள். காலியான கூடுகளில் T வடிவக் கீறல் இருந்தால் அதிலிருந்து ஈ வெளியே வந்திருக்கிறது. வட்டமாகத் துளை இருந்தால் வந்தது ஈ அல்ல, அதைத் தின்று வளர்ந்த எள்ளிலும் சிறிய குளவி. என் இலையில் வட்டத் துளை தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நான் அடித்த மருந்து மேல்பக்கத்தை நனைத்தது, பறந்து திரிந்த குளவியையும் பொறிவண்டையும் கொன்றது, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கிடந்த குஞ்சைத் தொடவே இல்லை. அன்றே வேலூர் லாங் பஜாரில் கடிகாரக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவந்தேன். பூச்சிமருந்துக்குச் செலவழித்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது நான் செய்வது கொஞ்சம்தான். மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டுகிறேன், வந்த ஈக்களின் அளவு தெரியும். கூடினால் வேப்பங்கொட்டைச் சாறு: பத்து லிட்டர் டேங்குக்கு அரைக்கிலோ இடித்த கொட்டை, இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம், தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடியில். யூரியாவைக் குறைத்துவிட்டேன். தளதளவென்று இருக்கும் இலை நமக்கு அழகு, ஈக்கு விருந்து.

வெண்டையில் மட்டும் இந்தப் பொறுமை செல்லாது. அங்கே ஈ உறிஞ்சுவதைவிட, அது கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ்தான் ஆபத்து. ஒரு செடி மஞ்சளாகிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரித்துவிடுகிறேன். அந்தச் சித்திரையில் பாதி வெண்டையைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவைத்தேன், ஆனியில் முழுவதையும் பிடுங்கினேன்.

உங்கள் படத்தில் இலையின் மேல்பக்கம்தான் தெரிகிறது. விடியற்காலையில், ஈக்கள் குளிரில் அசையாமல் இருக்கும்போது, அடிப்பக்கத்தை எடுத்துப் போடுங்கள். வட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை டேங்கைத் தோளில் மாட்டாதீர்கள்.