ஒருவர் பேசினால் காது அடைக்குது, அடுத்தவர் பேசினால் ஒன்றும் கேட்குதில்லை

கேள்வி: நானும் நண்பர்கள் நாலு பேரும் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தவர்கள். இரவில் 2 மீட்டர் அலைவரிசையில் நாங்கள் கதைப்பதை, எல்லோருடைய சம்மதத்தோடும், ஸ்கேனரில் (வானொலி அலைகளைத் தேடிப் பிடிக்கும் கருவி) பிடித்து லேப்டொப் வழியாக இணையத்தில் விடுகிறேன். லண்டனில் இருக்கும் அண்ணா கேட்பார். ஒருவர் குரல் காதைப் பிளக்கிறது, இன்னொருவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. மென்பொருளில் தானாகச் சத்தம் சரிசெய்யும் வசதியைப் போட்டேன். இப்போது யாரும் பேசாத நேரத்தில் இரைச்சல் எழும்புகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பாண்டிருப்பு

பதில்: தம்பி, முதலில் அந்தத் தானியங்கி வசதியை நிற்பாட்டுங்கள். ஆள் பேசாதபோது அது "சத்தம் காணாது" என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போகும். இரைச்சல் எழும்புவது அதனால்தான். அடுத்தவர் வாய் திறக்கும் முதல் சொல்லே அண்ணாவின் காதில் அடிப்பதும் அதனால்தான்.

பலர் நினைப்பது போல, தூரத்தில் இருப்பவரின் குரல் சின்னதாக வருவதில்லை. நீங்கள் கதைக்கும் எஃப்.எம். முறையில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் கூடும், குரலின் சத்தம் பெரிதாக மாறாது. இரைச்சல் இல்லாமல் துப்புரவாக, ஆனால் மெல்லியதாக ஒருவர் வருகிறார் என்றால், அவருடைய செட்டில் 'நெரோ' என்ற குறுகிய அமைப்பு போட்டிருக்கும். மற்றவர்கள் 5 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கு அலையை அசைக்கும்போது அவர் 2.5 மட்டும் அசைக்கிறார். பாதி அசைவு என்றால் 6 டெசிபல் குறைவு. அவரை மெனுவுக்குள் போய் 'வைட்' என்று மாற்றச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை. சில ஸ்கேனர்களில் சனலுக்குச் சனல் சத்தம் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில்தானே நிற்கிறீர்கள், அது உங்களுக்கு உதவாது.

செட் சரியாக இருந்தும் மெல்லியதாக வந்தால், அவர் மைக்கைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். வந்தாறுமூலைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்துக்கு நான் சவுண்ட் கட்டினேன். கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு வயது போய்விட்டது, மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று பாடினார். நான் மிக்சரில் அவருடைய மைக்கைக் கூட்டினேன். மத்தளமும் சல்லரியும் அதே மைக்குக்குள் ஏறி, களரி முழுக்க ஊளையிட்டது. இடைவேளையில் போய் மைக்கை அவருடைய நாடிக்கு நாலு விரல் கிட்டக் கட்டினேன், மிக்சரில் குறைத்தேன். அதற்குப் பிறகு விடியும் வரைக்கும் அவருடைய ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குக் கேட்டது. வாயில் விட்டதை மிக்சரில் பிடிக்க முடியாது. உங்கள் நண்பருக்கும் நாலு விரல் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது வயர். ஸ்கேனரின் இயர்போன் துளையில் இருந்து லேப்டொப்பின் மைக் துளைக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட், இயர்போன் துளை தருவது அதைவிட எத்தனையோ மடங்கு. அது தாங்காமல் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். அப்படிக் கரகரத்த குரலை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. 'லைன் இன்' உள்ள ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் வாங்குங்கள். மென்பொருளின் சத்த அளவுகோலில் உச்சம் 0. மிகச் சத்தமாகப் பேசுபவர் அதில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி ஸ்கேனரின் வொலியூமை வைத்து, அந்தக் குமிழில் ஒரு பேனைக் கோடு போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் கொம்ப்ரெசர், அதாவது கூடிய சத்தத்தை அமுக்கி வித்தியாசத்தைக் குறைக்கும் மென்பொருள் வசதி. அதற்கு முன்னால் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். சில செட்கள் குரலுக்கு அடியில் 67 முதல் 254 ஹேர்ட்ஸ் வரையில் ஒரு தொனியை அனுப்பும். காதுக்கு அது பெரிதாகப் படாது, ஆனால் கொம்ப்ரெசர் அதையும் குரல் என்று எண்ணி அமுக்கும்.

கொம்ப்ரெசர் அமுக்கத் தொடங்கும் அளவை, அதாவது தொடக்கத்தை, மைனஸ் 30இலும் விகிதத்தை 4க்கு 1 என்றும் வையுங்கள். சத்தமானவர் மைனஸ் 6இல் வருகிறார், தொடக்கத்துக்கு மேல் 24. அது 6 ஆகச் சுருங்கி மைனஸ் 24க்கு வரும். மெல்லியவர் மைனஸ் 18இல் வருகிறார், மேலே 12. அது 3 ஆகி மைனஸ் 27. இரண்டு பேருக்கும் இடையில் 12 டெசிபலாக இருந்த வித்தியாசம் இப்போது 3தான். பிறகு இரண்டையும் சேர்த்து 12 கூட்டினால் சரி. அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக் 5 மில்லி செக்கன், விட்டுவிட எடுக்கும் நேரமான ரிலீஸ் 300. ரிலீஸை இன்னும் குறைத்தால் சொல்லுக்குச் சொல் இரைச்சல் மூச்சு வாங்கும். கடைசியில், சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்க மைனஸ் 1இல் ஒரு லிமிட்டர்.

கொம்ப்ரெசர் இரைச்சலையும் சேர்த்துத்தான் தூக்கும். அதனால் சிக்னல் இல்லாதபோது சத்தத்தை அடைக்கும் ஸ்கேனரின் ஸ்குவெல்ச் குமிழை, யாரும் பேசாதபோது முழு அமைதி வரும் இடம் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திருப்ப வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு, தொலைபேசி செத்த இடங்களில் இருந்து அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான் செய்தி கடத்தினார்கள். இரைச்சலோடு இழுபட்டு வரும் குரலை ஸ்குவெல்ச் இறுக்கி வெட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐந்து பேரும் பேசும் பத்து நிமிஷத்தைப் பதிவு செய்து, அண்ணா வைத்திருக்கிற மாதிரி ஒரு ஃபோனில் போட்டுக் கேளுங்கள். சத்தக் குமிழுக்குக் கை போகாமல் முடிவு வரைக்கும் கேட்க முடிந்தால், அப்படியே ஸ்ட்ரீமுக்கு விடலாம்.