ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமா?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் தனியே இருக்கும் அம்மாவை உங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா ஒருமுறை விழுந்திருப்பார், நீங்கள் பயந்துபோயிருப்பீர்கள். நானும் அப்படிப் பயந்தவன்தான்.

எங்கள் ஊர் பள்ளத்தூர். 2017 ஐப்பசி மழையில் வளவு ஓரத்து, அதாவது வீட்டு நடுமுற்றத்து ஓரத்து, ஆத்தங்குடித் தரைக்கல் நனைந்து கிடந்தது. விடியுமுன் பின்கட்டுக் கழிப்பறைக்குப் போன ஆத்தா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வாரமே வேளச்சேரியில் ஏழாவது மாடிக்கு அழைத்து வந்துவிட்டேன். லிஃப்ட் உண்டு, அறையோடு சேர்ந்த குளியலறை உண்டு, பக்கத்திலேயே மருத்துவர். ஆனால் மாலை நான்கு மணியானால் வாசல் கதவைச் சற்றே திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி தன் செருப்பை இடுக்கில் வைத்துவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டுக் கதவு மூடியே இருக்கும். "ஆள் நடமாட்டமே இல்லையே தம்பி" என்பார்கள். போகப்போகப் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கிழமைகூட மறந்தது.

பதினான்காம் மாதம் ஊருக்கே கொண்டுபோய் விட்டேன். திண்ணையில் உட்கார்ந்த மறுநாளே கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்து அரைமணி நேரம் ஊர்க்கதை பேசினார். மாதம் திரும்புவதற்குள் யார் வீட்டில் என்றைக்கு என்ன விசேஷம் என்று ஆத்தாதான் எனக்கு போனில் சொன்னார்கள்.

பெற்றவரைத் தனியே விட்டவன் என்று திட்ட வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வீட்டை அப்படியே விட்டுவிடவில்லை. அறுபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் உள்ளறையோ பகலிலேயே இருட்டு. அறையிலிருந்து பின்கட்டு வரை இரவெல்லாம் எரியும் விளக்கு போட்டேன். நிலைப்படிகளை ஒட்டிக் கைப்பிடி, வளவு ஓரம் ரப்பர் விரிப்பு. இரவில் துணைக்கு ஓர் அம்மாள் படுத்துக்கொள்கிறார். நீங்களும் முடிவெடுக்குமுன் நான்கு நாள் ஊரில் தங்கி, அம்மாவிடம் ஒரு நாளில் எத்தனை பேர் பேசுகிறார்கள், இரவில் அவர் எத்தனை படி தாண்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

கழிப்பறையைத்தான் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை. பொது வீடு, பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பங்களுக்குப் பங்கு. பாரம்பரியம் கெட்டுவிடும் என்று ஒரு பங்காளி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பொதுச் சாமானை யாரையும் கேட்காமல் விற்றவரும் அவரேதான். எங்கள் ஐயா பெயர் வெட்டிய பித்தளை அண்டா ஒரு பழம்பொருள் கடை வாசலில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இன்னும் ஆறவில்லை.

இப்போது கட்டிலருகே கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. மழை பெய்யும் இரவில் மட்டும் உட்காருகிறார்கள்.